பல்லாவரத்துக்குக் குடிவந்திருக்கும் வாசகருக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரேடியல் ரோட்டுக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பழைய இடங்களைக் காட்ட ஆசை. மாமல்லபுரம் பார்த்தாயிற்று, காஞ்சிபுரம் பார்த்தாயிற்று. பல்லாவரத்தில் விமானச் சத்தத்தையும் மேம்பாலத்தையும் தவிர என்ன இருக்கிறது, காலையில் நடப்பதென்றால் எந்தப் பக்கம் நடப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊர்க்காரன். இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன். அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது இரண்டே பொருள்களைப் பின்தொடருங்கள்: கல், தண்ணீர். கோயில், சந்தை, தோல் ஷாப்பு, படைமுகாம் எல்லாம் இந்த ஊருக்கு வந்தது இந்த இரண்டையும் தேடித்தான் என்பது என் எண்ணம்.

கல்லிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலில் ஒரு ஸ்டேஷன் வடக்கே போய்த் திரிசூலத்தில் இறங்குங்கள். மேற்கே விமான நிலையம். எல்லோரும் அந்தப் பக்கம் பெட்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். சில நிமிட நடையில் தெருக்கள் குறுகி, மலை கண்ணில் படும். வெயிலில் கறுத்து, வெட்டிய இடங்களில் சாம்பலும் நீலமுமாகத் தெரியும் அந்தப் பாறையின் பெயர் சார்னோக்கைட். புதிதாக உடைந்த துண்டு கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு இருக்கும், குவார்ட்ஸ் மணிகளில் நீலச் சாயல் ஓடும். பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர்ச்சத்து ஏறக்குறைய இல்லாத நிலையில் உருவான பாறை இது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நமக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆழ்துளை போட வேண்டியதில்லை. மேலே இருந்ததெல்லாம் கரைந்துபோனதால் அந்த ஆழமே இங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

பெயர் வந்த கதையும் சுவையானது. கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் ஒரே வகை என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் இந்தப் பாறைக்குச் சார்னோக்கின் பெயரை வைத்தார். இன்று அண்டார்க்டிகாவில் இதே வகைப் பாறையைக் கண்டாலும் ஆய்வாளர்கள் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப் பாறை நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் இந்த மலை. பரங்கிமலையில் இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். இங்கேயோ ஜல்லிக்கு உடைத்தோம். சென்னையின் எத்தனையோ கட்டடங்களுக்குள்ளும் சாலைகளுக்கு அடியிலும் திரிசூலம் மலை கிடக்கிறது. கைவிட்ட குவாரிகளில் மழைநீர் தேங்கிப் பச்சையாக நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். பிள்ளைகளை ஓரத்துக்கு விடாதீர்கள். கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழம்.

மலைகளுக்கு நடுவில் திரிசூலநாதர் கோயில். குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இந்த ஊர் திருச்சுரம். முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாமல் கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். சுவர் சதுரமாக முடியாமல் படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். தொண்டை மண்டலத்துக் கோயில்களில் இந்த வடிவத்தை அங்கங்கே பார்க்கலாம். அடிப்பகுதியில் ஓடும் எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தொடாமல் கண்ணால் தொடர்ந்து வரட்டும். ஓரிரண்டு எழுத்துகள் பிடிபட்டாலும் போதும், அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிற்கும்.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 1863-ஆம் ஆண்டு மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைபார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இளைஞர் பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடலை ஒட்டித் தோண்டியிருந்த ஒரு சரளைக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது 28. செம்பூரான் சரளைக்கு நடுவில் ஒரு கல். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி, ஓரத்தைக் கூர்மையாக்கிய கல். ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்கு அந்த வடிவம் வராது. மனிதக் கை பட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் பொருள் அது. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த அந்த ஆதி மனிதர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பதற்கு அதற்கு முன் சான்று கிடையாது. பல்லாவரத்துச் சரளைக் குழி அதைக் கொடுத்தது.

அவர் கண்ணுக்கு அது தட்டுப்பட்டதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையில் மிகத் தொன்மையானவை என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் 1859-இல் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஃபுட் அந்தச் செய்தியை அறிந்தவர். பாறைகளை வரைபடத்தில் குறிப்பதுதான் அவர் வேலை. வேலைக்கு நடுவில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொசத்தலை ஆற்றுப் பக்கம் போனபோது அத்திரம்பாக்கம் கிடைத்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த வழி பல்லாவரத்தில் தொடங்கியது. ஃபுட் வாழ்நாள் முழுதும் தென்னாட்டில் அலைந்து சேர்த்த பெருந்தொகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1912-இல் இறந்த அவருடைய கல்லறை ஏற்காட்டில் இருக்கிறது.

பல்லாவரத்தில் ஃபுட் கண்ட அந்தக் கைக்கோடரி குவார்ட்சைட் கல்லில் செய்தது. நம் மலையோ சார்னோக்கைட். தட்டினால் வேண்டிய இடத்தில் கூராகச் சில்லு பெயரும் கல் எது, எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஒருவர் அந்தக் கல்லை எடுத்து, தட்டி, பயன்படுத்தி இங்கே விட்டுப் போயிருக்கிறார். கல்லைத் தேர்ந்தெடுப்பது சாதாரண அறிவு இல்லை. எந்த இடத்தில் அடித்தால் எப்படி உடையும் என்பதைக் கைக்கு முன்னால் மனம் அறிந்திருக்க வேண்டும். என் பார்வையில் பல்லாவரத்தின் முதல் தொழில்நுட்பர் அவர்தான்.

சரளைக் குழி இருந்த இடத்தை இன்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. படைமுகாம் நிலத்தில் நினைத்தபடி நுழையவும் முடியாது, வேலிக்கு வெளியே நின்றுகொள்ளுங்கள், படம் எடுக்காதீர்கள். ஆனால் புதிதாக அஸ்திவாரம் தோண்டும் எந்த மனையிலும் சிவப்புச் சரளை குவிந்து கிடந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பானை ஓடோ கல்லோ வித்தியாசமாகப் பட்டால் இருந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தப் பொருள் பாதி ஊமையாகிவிடும். எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும்.

பானை ஓடு என்று காரணத்தோடுதான் எழுதினேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இதே பல்லாவரத்துக் குன்றுச் சரிவுகளில் ஈமப்பேழைகளை அகழ்ந்தெடுத்தார். சுட்ட மண்ணில் செய்த நீள்தொட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள், மேலே மூடி. இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களை அதில் வைத்துப் புதைத்தார்கள். அவ்வளவு பெரிய தொட்டியை விரிசல் விழாமல் சுடுவதற்கு நல்ல களிமண்ணும் தேர்ந்த குயவரும் வேண்டும். அந்த மண்ணைத் தந்தது ஏரிப் படுகைதானா என்று நடக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

திரிசூலத்திலிருந்து மலையை ஒட்டியே தெற்கே வந்தால் பழைய பல்லாவரம். சிறு குன்றொன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்கிறார்கள். அங்கே இருக்கும் தர்காவுக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் துணி போட்டு, அங்கிருப்பவர்களிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். நீங்கள் நிற்பது ஒரு பல்லவக் குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. சதுரமும் எட்டுப் பட்டையுமாக மாறி மாறி வரும் அந்தக் காலத்துத் தூண் அமைப்பு, பின்சுவரில் ஐந்து கருவறைகள். ஐந்து அறை இருப்பதால்தான் மக்கள் வாயில் பஞ்சபாண்டவர் வந்திருக்க வேண்டும். மகேந்திரனுடைய பட்டப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களுக்கு முந்திய வேலை இது. நீங்கள் ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து பார்த்த கலைக்கு முந்திய தலைமுறை, வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

பாறையைக் குடைவது எவ்வளவு கடினம் என்பதை மலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான் உணர முடியும். அதனால்தான் உங்களை முதலில் திரிசூலத்தில் இறங்கச் சொன்னேன். இது எளிதில் இளகாத கல். உளி பட்டால் தெறிக்கும். அழகான சிற்பங்கள் இங்கே இல்லையே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்தத் தூண்களின் நேர்கோட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், பிறகு அந்தக் குறை உங்களுக்கு இராது. இன்று அங்கே தொழுகிறவர்களும் நேர்ந்துகொள்கிறவர்களும் அந்த இடத்தை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பூட்டிப்போட்ட நினைவுச்சின்னங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வௌவால் எச்சம் நாறும். இங்கே ஊதுவத்தி மணக்கிறது, யாராவது ஒரு அம்மா நோயுற்ற குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். பல்லவன் குடைந்த இடம் இஸ்லாமியர் வணங்கும் இடமாகி, இரண்டுக்கும் நடுவே பாண்டவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் குன்றை எந்த ஒரு தரப்புக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. அதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குன்றிலிருந்து வடகிழக்கே பரங்கிமலை தெரியும். 1802-இல் ஏப்ரல், மே வெயிலில் வில்லியம் லாம்டன் அந்த மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவைக்கு அடிக்கோடு அதுதான். அந்தக் கோட்டின் மீதுதான் இமயம் வரைக்கும் முக்கோணங்கள் அடுக்கப்பட்டன. அளந்தவர்கள் அத்தனை தூரமும் நடந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி தண்ணீர். ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஓடும் நிலத்துக்கு மேற்கே விழும் மழை பெரும்பாலும் அடையாற்றுக்குப் போகும். மலைக்குக் கிழக்கே விழுவது பள்ளிக்கரணைக்குப் போகும். நல்ல மழை விட்ட மறுநாள் குடையோடு இறங்கித் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தபடி நடந்தால் ஊரின் உண்மையான வரைபடம் காலுக்குத் தெரியும். கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் பல்லாவரம் பெரிய ஏரிக்கு வரும். அது நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ்க்கட்டளை ஏரி. அங்கிருந்து நாராயணபுரம் ஏரி. அங்கிருந்து பள்ளிக்கரணைக் கழுவெளி. ஒரு ஏரியின் மிச்சம் அடுத்த ஏரியின் வரத்து. ஒவ்வொன்றுக்கும் கரை, மதகு, கலங்கல், அதற்கு ஆயக்கட்டு. இந்தப் பகுதி நெல் விளைந்த பூமி.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ரேடியல் ரோடு அந்தப் பெரிய ஏரியை நடுவில் வெட்டிக்கொண்டுதான் போகிறது. காரில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்குவது இதனால்தான். பல ஆண்டுகள் ஊர்க்குப்பையை இந்த ஏரியில்தான் கொட்டினார்கள். அந்த நாற்றமும் புகையும் இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் மறக்காது. ஏரி என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்ட தலைமுறை ஒன்று இங்கே வளர்ந்தது, அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இப்போது நிலைமை அந்த அளவுக்கு மோசமில்லை. கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், மக்கள் காலையில் நடக்கிறார்கள். ஆனால் விளக்கும் நடைபாதையும் ஏரியாகிவிடாது. வரத்துக் கால்வாய் அடைபடாமல் இருக்கிறதா, சாக்கடை கலக்கிறதா, கலங்கலுக்குப் பின்னால் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கரையில் நடக்கிறவர்கள் கேட்டால்தான் கேட்கவேண்டியவர்கள் காதில் விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரையில் நின்றால் நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு மிதக்கும். நத்தைகுத்தி நாரை அலகின் நடுவில் இடைவெளியோடு நிற்கும், நத்தையைப் பிடிக்க வாகான அலகு. ஆகாயத்தாமரை அடர்ந்து மூடிய பகுதியில் பறவை குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். இந்தத் தண்ணீர்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். அதைக் காப்பாற்றுவது என்பது பல்லாவரத்துக் கலங்கலில் தொடங்க வேண்டிய வேலை.

மேற்குப் பக்கத்துக் கதை வேறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி விமான நிலையத்தையே மூடவைத்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மீதே பாலம் போட்டு நீட்டப்பட்டது. நாகல்கேணி, பம்மல் பக்கம் நடந்தால் தோல் பதனிடும் தொழிலின் பகுதி. மலைச் சரிவில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையைக் காலையில் பார்த்திருப்பீர்கள் அல்லவா? ஒரு காலத்தில் தோலைப் பதப்படுத்தியது அந்தச் செடியின் பட்டை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கில் முடிந்தது. குரோம் லெதர் கம்பெனி வந்தது, அதன் பெயரால் பக்கத்தில் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே உண்டானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு தின்றன. நாகல்கேணிக் கிணறுகளில் குரோமியம் இறங்கியது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்றாலும் மண்ணுக்குள் போனது எளிதில் வெளியே வராது. கேணி என்று பெயர் வைத்த ஊரில் கேணித் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனதை அங்குள்ள பெரியவர்களிடம் பேசினால் சொல்வார்கள். கோபமில்லாமல் சொல்வார்கள், கேட்கும் நமக்குத்தான் தாங்காது.

அதே திசையில் இன்னும் நடந்தால் திருநீர்மலை. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலத்திலும் பெருமாளைச் சேவிக்கலாம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது ஐதீகம். மேலே ஏறி அடையாற்றுப் பள்ளத்தைப் பார்த்தால் அந்த ஐதீகம் இந்த நிலத்தை நன்றாக அறிந்தவர்கள் சொன்னது என்று தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமையைச் சந்தைக்கு ஒதுக்குங்கள். பழைய டிரங்க் ரோட்டில் கூடும் பல்லாவரம் சந்தை படைமுகாம் காலத்திலிருந்து நடக்கிறது, இருநூறு ஆண்டுக்கு மேல் என்பார்கள். காய்கறி, கருவாடு, ரோஜாக் கன்று, கோழிக் குஞ்சு, பழைய மோட்டார், ஒற்றைச் சக்கரம், பேசாத செல்போன் எல்லாம் கிடைக்கும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

தமிழ் படிக்கிறவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 1911-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு மறைமலையடிகள் குடியேறியது இந்தப் பல்லாவரத்தில்தான். 1950-இல் மறையும் வரை இங்கே வாழ்ந்தார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்ததும் இந்த ஊரில். வேதாசலம் என்றிருந்த அவர் பெயர் மறைமலையானதும், மகள் நீலாம்பிகை அந்த இயக்கத்தில் தந்தைக்குத் துணை நின்றதும் இந்தத் தெருக்களில்தான். அடிகள் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் பின்னர் அவர் பெயரால் சென்னையில் அமைந்த நூலகத்துக்குப் போயின. அவர் பெயர் தாங்கிய தெருவில் நின்று பாருங்கள். அவர் வந்த நாளில் மின்சார ரயில்கூடக் கிடையாது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அவ்வளவு அமைதியான ஊர் அன்று எழுதுவதற்குத் தோதாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். மலைப்பக்கம் ஒரு காலை, ஏரிப்பக்கம் ஒரு காலை, மேற்கே ஒரு காலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்கே பாறை சுட ஆரம்பிக்கும், மார்கழி, தை நடப்பதற்கு ஏற்ற மாதங்கள். தண்ணீர்ப் பாட்டில், தொப்பி, ஒரு நோட்டு. செல்போன் வரைபடத்தைக் கூடியவரை பையிலேயே வையுங்கள். வழி கேளுங்கள். டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் இருக்கும் பெரியவர்கள் வழியோடு இன்னும் பத்து விஷயம் சொல்வார்கள், அது வேறெங்கும் கிடைக்காது.

எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் அடுக்குமாடி நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பக்கத்துத் தெருவில் விசாரியுங்கள். வயலா, தோப்பா, ஏரியின் நீர்பிடிப்பா, கிணறு இருந்ததா, எந்த மதகிலிருந்து தண்ணீர் பாய்ந்தது? கிடைத்ததை, சொன்னவரின் வயதோடு எனக்கு எழுதுங்கள். பெரிய ஏரியின் பழைய பாசனக் கால்வாய்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருகிறேன். உங்கள் பக்கத்துத் தெருக்கள் அதில் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.

அன்புடன்,
பல்லாவரத்திலிருந்து